துண்டுக்கடியில் பிடித்த கை

என் அத்தான் அப்பாத்துரை தன் மூச்சுக்குப் பத்தாயிரம் ரூபாய் விலை வைத்தார். அதிகம்தான். அந்த வருஷம் மேலப்பாளையம் சந்தையில் நல்ல காளையே அதைவிடக் குறைவாகப் போனது, அதுவும் இருமாமல்.

அத்தான் மாட்டுத் தரகர். எனக்குப் புண்ணாக்குக் கடை. தொண்ணூற்றேழில் அவர் நுரையீரலில் புற்று முற்றிவிட்டது என்றார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் ரீபா ஒரு மருந்துச் சோதனையைப் பற்றிச் சொன்னார். பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து, மீதிப் பேருக்கு அதோடு புதிய மருந்தும். யாருக்கு எது என்பதைச் சென்னையில் குலுக்கிப் போடுவார்கள். காசு கிடையாது. பிடிக்காவிட்டால் எப்போதும் விலகலாம்.

காசு கிடையாது என்றதும் அத்தான் முகம் சுருங்கியது. விலை இல்லாத சரக்கென்றால் அவருக்குப் பயம். தோள்துண்டால் டாக்டரின் கையை மூடி, உள்ளே பிடித்தார். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை, துண்டுக்கடியில் விரலால்தான். ஒரு விரல் ஆயிரம். அவர் முழுக்கையையும் இரண்டு தரம் அழுத்தினார். எதிராளி கையை உருவிக்கொண்டால் பேரமில்லை, விட்டுவைத்தால் முடிந்தது. டாக்டர் பாவம், நோயாளி பயந்திருக்கிறார் என்று நினைத்து மறுகையால் தட்டியும் கொடுத்தார்.

"முடிஞ்சிது மாப்ளே," என்றார் அத்தான், வெளியே வந்து.

குலுக்கலில் புதிய மருந்தே அவருக்கு விழுந்தது. கெட்ட நேரம் அதுதான், தன் பேரம் பலித்ததென்றே நம்பிவிட்டார்.

"அத்தான், அது தானா விழுந்தது. அந்தம்மாவுக்கு ஒம்ம பேரமே தெரியாது."

"ஏலே, முப்பது வருசமா கைய வச்சுப் பொழைக்கேன். எனக்கே சொல்லுதியா?"

மருந்து ஏறியது. முடி போயிற்று, சோறு இறங்கவில்லை. பிறகு விரல்கள் மரத்தன. சந்தையில் மாட்டு வியாபாரி நூகு பாய் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தார், அத்தானுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நாலா?" என்று ஊர் கேட்க வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒருவரும் அவரிடம் கை நீட்டவில்லை.

"டாக்டரம்மாட்ட சொல்லும். மருந்தக் குறைப்பாவ."

"மாட்ட ஓட்டிட்டு வந்தபொறவு நொண்டுதுன்னு போய் நிக்கவா? தரகனுக்கு அசிங்கம்லே."

ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார்: "கை, கால் மரத்திருக்கா ஐயா?"

"ஒண்ணுமில்ல தாயி."

நான் வாயெடுத்தால் என் காலை மிதிப்பார். மிதிப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று படத்தைக் காட்டினார்கள். அத்தான் மீசையைத் தடவினார், மீசை இல்லை. அந்த வாரமே ஆற்றில், குறுக்குத்துறைப் படியில் குளிக்க இறங்கினார். உணர்வில்லாத பாதம் படியில் வழுக்கி, மண்டை கல்லில் மோதியது. கரண்டைக்கால் தண்ணீர்தான்.

பதினாறு கழிந்ததும் அத்தான் பெண்டாட்டி, என் அக்கா பேச்சித்தாய், வீட்டு மாடு இரண்டையும் விற்றுப் பத்தாயிரத்தை என்னிடம் தந்தாள். "கை பிடிச்ச ரூவா. குடுத்திரு."

டாக்டர் முன்னால் வைத்து விவரம் சொன்னேன். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மரத்துப்போனத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வாங்கின சரக்கக் கொற சொல்லப்பிடாதுல்லா."

அவர் பணத்தைத் தொடவில்லை. அக்காவும் திரும்ப வாங்கவில்லை. கட்டியில் பாதி லாபம், ஆள் முழுசாக நஷ்டம். பத்தாயிரம் என் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது, யார் பேரிலும் வரவு வைக்க முடியாமல்.