பதினான்காம் நிமிடத்தில் விழுந்தவன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, மன உறுத்தலில் பிறந்தது.

என் தங்கையின் கணவர் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அலுவலக வேலை பார்க்கிறார். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் இடம் அது. வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் ஊழியர்களுக்கு முன்னேற்ற வகுப்பு எடுப்பதும் அவர் பொறுப்புதான். ஏதாவது ஒரு வெற்றிப் படத்திலிருந்து நான்கு நிமிடக் காட்சி போட்டுக் காட்டுவார். பிறகு பலகையில் மூன்று பாடங்கள் எழுதுவார்.

அந்தப் பாடங்களை நான்கு வருடமாக அவருக்கு எழுதிக் கொடுத்தது நான்.

2

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

"வாழ்வில் வெற்றி பெற விரும்பும் ஒவ்வொருவரும் —" (இது கதையின் தொடக்கமே இல்லை, என் பழைய நோய்.)

"நீராவி மண்டிய அந்தக் கூடத்தில் —" (மைத்துனரைக் கேட்டேன். மடிப்புக் கூடத்தில் நீராவி வராதாம், அது பக்கத்துக் கூடமாம்.)

சரி, நேராகவே சொல்கிறேன். மடிப்புக் கூடத்தில் பதினான்கு பேர், ஏழு ஜோடிகள். பெரிய விரிப்பை ஓர் ஆளால் மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடிக்க வேண்டும். ஒரு உதறு உதறி நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அதில் ஒரு ஜோடி ஒன்பது வருடமாகப் பிரியாமல் இருந்தது. ஒருத்தியை எல்லோரும் அக்கா என்பார்கள். இரண்டு வருடமாக அவளுக்கு வலது தோள் சரியில்லை. இன்னொருத்திக்குப் புயல் என்று பட்டப்பெயர். கைவேகம் அப்படி. அக்காவின் தோளுக்காகப் புயல் அவள் பக்கம் இரண்டு அடி கூடுதலாக நடந்து வருவாள். அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை, அவர்களும்கூட.

3

அந்த வெள்ளிக்கிழமை போட்ட காட்சி ஓட்டப்பந்தயம். நாயகனும் அவன் நண்பனும் சேர்ந்து ஓடுகிறார்கள். நண்பன் கால் இடறி விழுகிறான். நாயகன் திரும்பிப் பார்க்கிறான், ஒரே ஒரு கணம். பிறகு முன்னைவிட வேகமாக ஓடுகிறான். இசை எகிறுகிறது.

நான் எழுதிக் கொடுத்த முதல் பாடம்: "உன் வேகத்தை அடுத்தவர் தீர்மானிக்க விடாதே."

எல்லோரும் கைதட்டினார்களாம். புயல் அந்த வரியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாளாம். திங்கட்கிழமை காலை அவள் மேலாளரிடம் போய், தனக்கு வேறு ஜோடி வேண்டும் என்று கேட்டாள்.

(புயல் கெட்டவள் இல்லை. இதை எழுதும்போது எனக்கு அவள்மேல் கோபம் வர மறுக்கிறது. பலகையில் எழுதியிருந்ததை நம்பினாள், அவ்வளவுதான். நம்பாதவர்கள் சும்மா இருந்தார்கள். அப்படியென்றால் வகுப்பை ஒழுங்காகக் கவனித்த குற்றத்துக்காகவா அவளை நான் — இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

மேலாளருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. "இனிமே அவங்கவங்க ஜோடிய அவங்கவங்களே பாத்துக்கட்டும்" என்றார். அந்த வாரம்தான் ரொட்டிக்கடை வேலையை விட்டு ஒரு பெண்மணி புதிதாகச் சேர்ந்திருந்தார். புயல் அவரைச் சேர்த்துக்கொண்டாள். மற்றவர்களும் ஜோடி சேர்ந்தார்கள். அக்கா மட்டும் மிச்சம்.

"ஜோடி இல்லாத ஆள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று மேலாளர் என் மைத்துனரிடம் சொன்னார். "அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ஜோடிப் பட்டியல டைப் பண்ணிக் குடுத்துடுங்க. கீழ, நிறுத்த வேண்டிய ஒரு பேரு."

4

இந்தப் பகுதி மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் சொன்னது என் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் தொலைக்காட்சி முன்னால் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமையும் வகுப்பா?"

"படம் பாக்கறேன்."

"வகுப்புல போட்ட படம்தானே இது?"

"நாலு நிமிஷம்தான் பாத்தேன். முழுசா இப்பதான்."

தங்கை ஊசியைக் கீழே வைத்தாள். "அடக் கடவுளே. நாலு நிமிஷம் பாத்துட்டா இவ்வளவு நாளா எல்லாருக்கும் பாடம் நடத்தினீங்க?"

"உங்க அண்ணன் மட்டும் முழுசா பாத்தாராக்கும்?"

"அவன் பாக்காமலே எழுதுவான். அது தெரிஞ்ச விஷயம்."

(இந்த உரையாடலை நீக்கிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன்.)

பதினான்காம் நிமிடத்தில் நண்பன் விழுந்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நாயகன் வென்றான். காதலித்தான். தோற்றான். மழையில் நனைந்தான். மறுபடி வென்றான்.

"யாரத் தேடறீங்க, இப்படி எட்டி எட்டிப் பாக்கறீங்க?"

"விழுந்தானே, அவன."

"ஆஸ்பத்திரியில காட்டுவாங்க, இருங்க."

காட்டவில்லை.

"அம்மா அழற இடத்துல கண்டிப்பா வருவான் பாருங்க."

அம்மா அழுதாள். அவன் வரவில்லை. கல்யாணக் கூட்டத்தில் இருவரும் சேர்ந்தே தேடினார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின. 'இரண்டாம் நண்பன்' என்று ஒரு வரி வந்து மறைந்தது.

"அப்ப முதல் நண்பன் யாருங்க?" என்றாள் தங்கை.

"அதுவும் தெரியலையே" என்றார் அவர்.

5

அதற்குமேல் என்ன நடந்தது என்று அவர் என்னிடம் சொல்வதில்லை. கேட்டால், "மச்சான், அந்தக் குழாய் ஒழுகுதுன்னீங்களே, சரியாயிடுச்சா?" என்று பேச்சை மாற்றுகிறார். ஆகவே இனி வருவது என் கற்பனை. எழுத உட்காருமுன் கடவுளை வேண்டிக்கொண்டேன், பொய் சொன்னாலும் யாரையும் காயப்படுத்தாமல் சொல்ல வேண்டும் என்று.

செவ்வாய்க்கிழமை அவர் மடிப்புக் கூடத்துக்குப் போகிறார். (போவாரா? நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே யோசிக்கிற மனிதர். போவார் என்றே வைத்துக்கொள்கிறேன்.) அக்கா விரிப்பின் ஒரு ஓரத்தை மோவாயில் அழுத்திக்கொண்டு தனியாக மடிக்கப் பார்க்கிறாள். அவர் தரையில் தொங்கிய இரண்டு முனைகளை எடுத்துப் பிடிக்கிறார்.

"சார், இது எந்தப் படத்துல வருது?" பக்கத்து மேசையில் ஒரே சிரிப்பு.

"கட்ட விரல உள்ள விடுங்க சார்" என்கிறாள் அக்கா. "ம். இப்ப உதறுங்க. ஐயோ, என்னை ஏன் இழுக்கறீங்க? நடந்து வாங்க சார், நான் மட்டும் வந்தா எப்படி?"

மூன்றாவது விரிப்பில் முனைகள் சேர்ந்தன. அப்போது அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார், பட்டியல்ல என் பேரு வர்றதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க. பொண்ணுக்குப் பரீட்ச நடக்குது. முடியற வரைக்கும் வேலைக்குப் போற மாதிரியே கெளம்பி வெளிய வந்துடுவேன்."

அவர் அடுத்த விரிப்பின் முனைகளை எடுத்தார். நான் அவருக்கு ஒரு பதில் எழுதித் தந்திருக்கலாம். நான்கு வருடமாக அதைத்தானே செய்தேன்.

6

முடிவுகள்.

ஒன்று: வெள்ளிக்கிழமை வகுப்பில் அவர் பலகையின் முன் நின்று, "நான் எழுதினது தப்பு" என்கிறார். புயல் அழுதுகொண்டே ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொள்கிறாள். எல்லோரும் கை — (நிறுத்திவிட்டேன். அந்த எகிறும் இசை என் காதில் கேட்டது.)

இரண்டு: நிறுத்த வேண்டிய பெயராகத் தன் பெயரையே டைப் செய்கிறார். (மேலாளர் சிரித்துவிட்டு, "சரி, நிஜப் பட்டியல் எங்க?" என்பார். தியாகம் செய்தாலும் வேலை அப்படியேதான் கிடக்கும்.)

மூன்று: வெள்ளிக்கிழமை, நாலாக இருபது நிமிடம். புயல் அலுவலக அறைக்கு வருகிறாள்.

"சார், அந்தப் படத்த நானும் முழுசா பாத்தேன். அவன் என்ன ஆனான்?"

"தெரியலம்மா."

"வாத்தியார் நீங்களே தெரியலன்னா?"

"படத்துலயே இல்லம்மா. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

அவள் கதவருகிலேயே நின்றாள். "அக்கா எனக்கு எதிர்ல இல்லாம நான் இன்னும் வேகமாத்தான் மடிக்கறேன் சார். கணக்குல ஏறித்தான் இருக்கு. ஆனா கூடுதலா ரெண்டு அடி நடந்து நடந்து, இப்பவும் கால் தானா போகுது. அங்க யாரும் இல்ல." பிறகு, "என்னை அக்காகூடயே போட்டுடுங்க" என்றாள்.

இதை எழுதிவிட்டு நான் பேனாவை வைத்தேன். கண் கலங்கியது. கடவுளுக்கு நன்றி சொன்னேன். இசை இல்லை, கைதட்டல் இல்லை, ஒரு மனம் இளகியது, அவ்வளவுதான். இதுதான் முடிவு என்று கதையை மடித்து வைக்கப் போனேன்.

7

தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒருமுறை கணக்குப் பார்த்தேன். பழைய ஏழு ஜோடியும் சேர்ந்தாயிற்று. பதினான்கு பேர்.

பதினைந்தாவது?

பக்கங்களைத் திருப்பினேன். ரொட்டிக்கடை வேலையை விட்டு வந்த பெண்மணி. அவருக்கு நான் ஒதுக்கியது இரண்டு வாக்கியம். ஒரு வார்த்தைகூட அவரைப் பேச விடவில்லை. அந்தப் படத்தை எடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே நானும் ஓர் ஆளைப் பதினான்காம் நிமிடத்தில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன். நீங்கள் கவனித்தீர்களா? கவனித்திருந்தால், ஏன் என்னை நிறுத்தவில்லை?

மூன்று பேராக ஒரு விரிப்பை மடிக்க முடியுமா என்று வீட்டில் முயன்று பார்த்தோம், நானும் மனைவியும் எதிர்வீட்டுக்காரரும். மூன்றாவது ஆள் சும்மா நின்றார். சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எந்தப் பாடம் சரி என்று எனக்கு இப்போது தெரியவில்லை. அக்காவைக் காப்பாற்றும் கருணை இன்னொருத்தியை வெளியே தள்ளுமென்றால், அதற்கு என்ன பெயர்? அதற்காக அக்காவை விட்டுவிடவா? அன்பாக ஒரு காரியம் செய்தால் அது வீண்போகாது என்றே இத்தனை வயது வரை நம்பி வந்தேன். இன்றும் நம்புகிறேன். எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்.

புயல் போய்விட்டாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு. பட்டியலின் கடைசி வரி காலியாக இருக்கிறது. கதவு தட்டப்படுகிறது. ரொட்டிக்கடையிலிருந்து வந்தவரேதான்.

"சார், தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. எல்லாருக்கும் சீருடை குடுத்தாச்சாம். எனக்கு இன்னும் வரல. பேரையும் அளவையும் உங்ககிட்ட சொல்லணும்னாங்க. நடுத்தர அளவு போதும். எழுதிக்கறீங்களா?"

என் மைத்துனர் பேனாவை எடுத்துவிட்டார், குனிந்து எழுதவும் தொடங்கிவிட்டார். என்ன எழுதுகிறார், எந்தத் தாளில் எழுதுகிறார் என்று நான் இருக்கும் இடத்திலிருந்து தெரியவில்லை. நீங்கள் அவர் தோளருகில் நிற்கிறீர்கள். எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.