ஃபார்மலின் படாத ஜாடி

தவளை உயிரோடுதான் இருந்தது. ஆராய்ச்சிக்காரி ஓடைக்கரையில் தன் கையாலேயே இரண்டைப் பிடித்து, மரபணுச் சோதனைக்கு வாயைப் பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டு, திரும்ப விட்டுவிட்டு வந்திருந்தாள். ஆனால் அது இருபத்திரண்டு வருடமாக யார் கண்ணிலும் படாத அதே இனம்தான் என்று காட்ட, பழைய ஜாடித் தவளையின் மரபணு வேண்டும். மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் மழைக்காட்டுத் தவளைப் பட்டியலில் அதற்கு நேரே 'அழிந்துவிட்டது' என்று விழும். ஓடைக்கு இருக்கும் காவலும் அதோடு போகும். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பதற்கு இறப்புச் சான்றிதழ்! நல்ல கூத்து.

அவளிடம் இருந்த நான்கு ஜாடிகளும் கையை விரித்துவிட்டன. எல்லாம் ஃபார்மலினில் ஊறியவை. அது உடம்பை விறைப்பாகக் காப்பாற்றும், மரபணுவைச் சின்னாபின்னமாக்கிவிடும். ஜாடிகளை அடைத்த காலத்தில் மரபணுவைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

ஐந்தாவதாக ஒரு ஜாடி இருந்தது. அது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது, தலையில் கொம்பு முளைத்திருந்த காலம். ஜாடிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஃபார்மலினே காட்டாமல் அந்த இனத் தவளை ஒன்றை நேராக ஸ்பிரிட்டில் போட்டிருந்தார். ஸ்பிரிட்டில் மரபணு கெடாது; ஆனால் உடம்பு தொளதொளத்துக் கிடந்தது. 'அலட்சியம்' என்று மெமோ கொடுத்து, ஜாடியைக் குப்பையில் போடச் சொன்னவள் இவள்தான்.

வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டாள்.

"அண்ணே, அந்த ஜாடியைப் போட்டுட்டீங்களா?"

அவர் ஸ்டூலில் ஏறி, அலமாரிக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

"நமக்காக உயிரைக் குடுத்தது மேடம். அதை எப்படிக் குப்பையில போட?"

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. தாளைத் தூக்கிக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

"அதேதான் அண்ணே! அதே தவளை! ஓடை பிழைச்சுது. உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன், சொல்லுங்க!"

அண்ணன் நெளிந்தார்.

"நான் ஒண்ணும் பெரிசா யோசிச்சுப் பண்ணல மேடம். ஃபார்மலின் வாடை பட்டாலே எனக்கு மூச்சு இழுக்கும். சொன்னா வேலை போயிடும்னு பயம். அதான் அன்னைக்கு டிமிக்கி குடுத்தேன்."

"ஒரு நாள்தானே? போகட்டும்."

"நீங்க கண்டுபிடிச்சது ஒரு நாள்." கீழ்த்தட்டு இரண்டையும் காட்டினார். "அப்புறம் நல்லா காட்டமான ஸ்பிரிட்டா ஊத்தினேன். தொளதொளக்கல. உங்களுக்கும் தெரியல."

நாற்பத்து மூன்று ஜாடிகள். இனி எந்தக் காட்டில் தேடினாலும் கிடைக்காத தவளைகள் சில, மரபணு கெடாமல், அவற்றில் இருந்தன. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இப்படி ஒரு மனிதர் வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று புரியாமல், அவர் கைகளையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இருட்டுல நூறு தவளை கத்தினாலும் எது எதுன்னு பிரிச்சுச் சொல்றவ நான். பக்கத்து ரூம்ல உங்களுக்கு மூச்சு இழுத்தது எனக்குக் கேட்கலையே அண்ணே."

"உங்களுக்கு எப்படி மேடம் கேட்கும்?" என்றார் அண்ணன். "வெளியில நின்னு இழுத்து முடிச்சுட்டுத்தான் உள்ள வருவேன்."