பம்ப் இருந்த இடம்

"அண்ணி வண்டி ரிசர்வுக்கு வந்துடுச்சுண்ணே. நான்தான் என் கேன்லேருந்து ரெண்டு லிட்டர் ஊத்திவிட்டேன்" என்று கூரியர் சொன்னபோது, லேத்காரர் கல்குவாரிக்குள் நிறுத்தியிருந்த வேனின் பின்கதவருகே குந்தியிருந்து ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த கை அப்படியே நின்றது.

"ஆயில் கலந்து ஊத்துனியா?"

"எதுக்குண்ணே? அதான் பம்ப் இருக்கே. ஆயில் டேங்கைக்கூட எட்டிப் பார்த்தேன், முக்காவாசி இருந்துச்சு." கூரியர் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு, பாறையில் இடித்து வீங்கிய கணுக்காலின்மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். கால் வலித்தாலும், ஒருவருக்கு உதவிவிட்டு வந்த திருப்தி முகத்தில் தெரிந்தது. பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். கேட்டவர்க்கும் கேட்காதவர்க்கும் கொடுத்துப் பழகியவன்.

வண்டியில் பம்ப் இல்லை. அது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இப்போது ஸ்பார்க் பிளக்கும் கையுமாகக் குந்தியிருந்தார்.

டூ ஸ்ட்ரோக் வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மற்ற வண்டிகளில் எண்ணெய் இன்ஜினுக்கு அடியில் தனியாகக் கிடக்கும். இதற்கு அப்படியில்லை. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகிற எண்ணெய்தான் பிஸ்டனை வழுக்க வைக்கிறது. ஒன்று, சின்ன பம்ப் ஒன்று தனி டேங்கிலிருந்து எண்ணெயை இழுத்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நாமே அளந்து பெட்ரோலில் கலந்து ஊற்ற வேண்டும். இரண்டும் இல்லாமல் வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி, பருத்து, சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் கல்லாகிவிடும். அந்தக் கணமே கிளட்சைப் பிடித்து இன்ஜினிடமிருந்து விடுவித்தால்தான் சக்கரம் மறுபடி உருளும். ஓட்டுகிறவர் அப்போது எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது மிச்சக் கதை.

அவருடைய மனைவி அப்போது குவாரிக்கு மேலே, மலைமுகட்டில் இருந்தாள்.

வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். உடைந்த எலும்பாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறவளுக்கு, ஏழாவது நாள் பாறையில் வண்டி விட, தன் எலும்பின்மேல் அப்படி என்ன கோபம் என்று அவளுடைய அக்கா கேட்பாள். இவள் சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாள். லேத்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஓட்டப் பிடிக்காது. செய்யத்தான் பிடிக்கும். பழைய இரும்புக் கடையில் எலிக்கூட்டோடு கிடந்த வண்டியை எடுத்துவந்து, சிலிண்டரின் வாய்களை அரத்தால் இழை இழையாக அகட்டி, தகட்டை உருட்டிப் பற்றவைத்துப் புகைக்குழாய் செய்து, வண்டி வயதைச் சொன்னால் யாரும் நம்பாத அளவுக்கு அதைச் சீற வைத்திருந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர்களுக்குள் இதுபோல ஒத்துப்போன காரியம் வேறில்லை. அவர் செய்வார், அவள் ஓட்டுவாள்.

ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். "எதை வேணா அறுத்து ஒட்டுங்க. பம்பை மட்டும் தொடாதீங்க. கலந்து ஊத்துற வேலையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது. வழியில யார்கிட்டயாவது பெட்ரோல் வாங்கி ஊத்திட்டுப் போயிட்டே இருப்பேன்." தன்னைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு.

அவரும் சரி என்றார். அப்போது மனதாரத்தான் சொன்னார். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் பம்பைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளேயிருந்த பல்சக்கரம் தேய்ந்து வழவழத்திருந்தது. புதியது எங்கும் கிடைக்கவில்லை. எந்தக் குன்றின் எந்தத் திருப்பத்தில் அது வேலையை நிறுத்தும் என்று யோசித்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் பம்பைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தை ஒரு அலுமினியத் தகட்டால் அடைத்தார். அவளிடம் சொன்னால் வண்டியே வேண்டாம் என்பாள், அல்லது பழைய பம்பையே மாட்டுங்கள் என்பாள். எப்படியும் பெட்ரோல் ஊற்றுவது தான்தானே, கலந்தே ஊற்றிவிட்டால் போகிறது என்று நினைத்தார். ஆயில் டேங்க் ஒப்புக்கு அப்படியே இருந்தது. அதில் அளவு குறையாவிட்டால் சந்தேகம் வருமே என்று, வாராவாரம் ஊசியைப் போட்டு நூறு மில்லி உறிஞ்சி எடுத்தார். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எதற்கு என்று ஒரு நாளாவது அவர் தன்னைக் கேட்டிருக்கலாம்.

போன வாரம் கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட் போட்டதில் வண்டி கூடுதலாகக் குடிக்க ஆரம்பித்திருந்தது. தான் ஊற்றியனுப்பியது பாதி வழியிலேயே தீர்ந்துவிடும் என்ற கணக்கைத்தான் கோட்டை விட்டுவிட்டார்.

"எங்க வச்சு ஊத்துனே?"

"முகட்டுலதான். நான் இந்தக் காலோட இந்தப் பக்கமா மெதுவா எறங்கிட்டேன், ஒரு கால் மணி நேரம் ஆச்சு. அண்ணி முகட்டோட போயி ஏணி வழியா எறங்கி வரேன்னு சொல்லுச்சு. ஏண்ணே, மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"பம்ப் இல்லடா."

"இல்லன்னா?"

"கழட்டிட்டேன்."

கூரியர் பாட்டிலைக் கீழே வைத்தான். "அண்ணிக்குத் தெரியாதா?"

அவர் எழுந்து அவனுடைய வண்டிப் பக்கம் நடந்தார். அவன் எழ முயன்றான். வீங்கிய கால் தரையில் பட்டதும் முனகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். போனை எடுத்துப் பார்த்தான். கைவிடப்பட்ட அந்தக் கல்குவாரிக்குள் என்றைக்கும் சிக்னல் வந்ததில்லை. லேத்காரர் அவனுடைய ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவனுடைய வண்டியில் ஏறினார். ஸ்பார்க் பிளக் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

ஏணி என்பது அவர்களாக வைத்த பெயர். முகட்டின் மறுகோடியிலிருந்து குவாரிக்கு இறங்கும் பாதை, படிக்கட்டுபோல் பாறை பாறையாக. ஒரு பக்கம் மண்சரிவு, மறுபக்கம் பள்ளம். அவள் இறங்குவதற்குள் இவர் கீழிருந்து ஏறி அவளை மறித்தாக வேண்டும். ஏறும்போதே கணக்கு ஓடியது. ரிசர்வில் மிஞ்சியது அரை லிட்டர் இருக்கும், அதில் முப்பதுக்கு ஒன்று எண்ணெய். அதன்மேல் இரண்டு லிட்டர் வெறும் பெட்ரோல். நூற்றைம்பதுக்கு ஒன்று. முகட்டில் நிதானமாகப் போனால் தாங்கலாம். ஆனால் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடுவாள். சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் துளிதான் போகும், அதில் எண்ணெய் என்று ஏதும் இருக்காது. ஏணியின் முதல் பத்துப் படி, அல்லது இருபது, அதற்குள் பிடித்துக்கொள்ளும்.

அவருக்கு இந்தப் பாதையில் ஏறிப் பழக்கமில்லை. வண்டி ஒரு பாறையில் மோதி எகிறியது, அடுத்த பாறையில் பக்கவாட்டில் வழுக்கியது. வளைவுக்கு வளைவு, அவள் எதிரே வந்து தன்மேல் மோதிவிடுவாளோ என்ற பயம் வேறு. ஹாரன் அடிக்கக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அந்த வண்டியில் ஹாரன் கிடையாது. "அடியேய்!" என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினார். தன் குரல் தன் காதிலேயே இடித்தது. இத்தனை வருடம் இந்தப் பாதையில் அவள் இறங்கி வருவதைக் கீழே நின்று பார்த்துவிட்டு, "ஸ்ப்ரிங் இன்னும் கொஞ்சம் மெத்துன்னு இருக்கணும் போல" என்று சர்வசாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். எதைப் பார்த்து அப்படிச் சொன்னோம் என்று இப்போதுதான் புரிந்தது.

பாதி ஏறியதும் வண்டி அணைந்துபோனது. காலை ஊன்றி, மறுபடி கிளப்பப் போனவர் அப்படியே நின்றார். மேலே, வெகு மேலே, அவர் செய்த இன்ஜினின் சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டிக்கு நடுவே விட்டாலும் அந்தச் சத்தத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உயிர் திரும்பியது போலிருந்தது. மறுகணமே, அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருப்பது காதில் விழுந்தது. தகரடப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல் மெல்லிய கலகலப்பு. பிஸ்டன் காய்ந்துவிட்டது. சத்தம் உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது. இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

"கிளட்சைப் பிடி" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "பிடிச்சுக்கோம்மா. கிளட்சைப் பிடி."

டயர் பாறையில் இழுபடும் நீண்ட கிறீச்சல் ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒரு கல் மட்டும் பள்ளத்துக்குள் தட்டித் தட்டி உருண்டு போய்க்கொண்டே இருந்தது.

வண்டியை எப்படிக் கிளப்பினார், மிச்சத்தை எப்படி ஏறினார் என்று பிறகு கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. இரண்டு முறை விழுந்தார். வேண்டாத கடவுளில்லை. பேரம் எதுவும் பேசத் தோன்றவில்லை, அவள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் இருந்தாள்.

பாதையோரத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்து காய்ந்துகொண்டிருந்தது. வண்டி பக்கத்தில் ஸ்டாண்டில் நின்றது. பின்சக்கரம் கிழித்த கோடு பாதையின் நடுவில் தொடங்கி, பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து, விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது சட்டென்று முடிந்திருந்தது. அந்த இடத்தில் கிளட்சைப் பிடித்திருக்கிறாள். லேத்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு அவள் எதிரே போய்க் குந்தினார்.

"எங்கயாவது அடிபட்டிருக்கா? தலை சுத்துதா?"

"பம்ப்தான் நின்னுபோச்சுன்னு நெனைச்சேன்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "டேங்க்ல ஆயில் இருக்கு. அப்ப கேபிள் அறுந்திருக்கும், பார்த்துச் சரி பண்ணிட்டா மெதுவா வீட்டுக்குப் போயிடலாம்னு மூடியைக் கழட்டினேன்."

அப்போதுதான் அவளது மடியில் இருந்த ஸ்க்ரூடிரைவரையும் இன்ஜினின் பக்கவாட்டு மூடியையும் பார்த்தார். திறந்து கிடந்த இடத்தில் அலுமினியத் தகடு வெயிலில் பளபளத்தது. விளிம்பைக்கூட மழுக்கிவிட்டிருந்தார். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், வேலை சுத்தமாக இருக்க வேண்டுமே என்று.

"எவ்ளோ நைஸா கடைஞ்சிருக்கீங்க" என்றாள்.

"பல்லு தேஞ்சுபோச்சு. புதுசு கிடைக்கல. வழியில எங்கயாவது நின்னு, நீ விழுந்துடுவியோன்னு பயந்துதான்..."

"எப்ப?"

"ரெண்டு மாசம்."

"டேங்க்ல ஆயில் கொறைஞ்சுட்டே வந்துச்சே?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. கசிவு என்று சொல்லலாம். நாக்கு அதுவரை போய்த் திரும்பியது. "ஊசி போட்டு எடுத்தேன். வாரத்துக்கு நூறு மில்லி."

அவள் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தபோது ரத்தமும் புழுதியும் கன்னத்தில் தீற்றிக்கொண்டன.

"கலந்து ஊத்த மறந்து விழுந்திருந்தா அது என் தப்பு. வேகமா வந்து விழுந்திருந்தாலும் என் தப்பு. நான் விழறதுக்குத் தயாராத்தான் மேல போறேன், தெரியுமா? ஆனா எதனால விழறேன்னே தெரியாம போயிருப்பேங்க. அந்த விளிம்புல, என்ன ஆச்சு, நான் என்ன பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டே போயிருப்பேன்."

உன்மேல் உள்ள பிரியத்தில் செய்தேன் என்பது உண்மைதான். அதை இப்போது வாயைத் திறந்து சொன்னால் அதுவும் இன்னொரு ஊசியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. முழங்கையைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, ரத்தத்தைத் துடைக்காமல், தகட்டின்மேல் படிந்திருந்த புழுதியைத் துடைத்தாள். பிறகு மூடியை வைத்து மூன்று திருகாணிகளையும் ஒவ்வொன்றாக இறுக்கினாள். அவசரமே இல்லை.

எழுந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கூரியரின் வண்டியில் ஏறினாள்.

"நீங்க அதுல வாங்க."

"பிடிச்சுக்கிட்ட வண்டியில எப்படி..."

"நியூட்ரல் விழுந்துடுச்சு, நான் பார்த்துட்டேன். எறக்கம்தானே, இன்ஜின் எதுக்கு? பிரேக் நல்லா இருக்கு. அதையாவது கழட்டாம விட்டீங்களே."

கேலியா என்று முகத்தைப் பார்க்க முயன்றார். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள். ஒரு உதையில் வண்டியைக் கிளப்பி, நின்ற வாக்கில் முதல் படியில் இறங்கி, வளைவில் மறைந்துபோனாள்.

அவர் செத்த வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து நிமிர்த்தினார். சிலிண்டரின் சூடு காற்சட்டையைத் தாண்டி முழங்காலைச் சுட்டது. பிரேக்கைத் தளர்த்தியதும் வண்டி தானாக உருள ஆரம்பித்தது. டயருக்கு அடியில் ஒவ்வொரு கல்லும் நசுங்குவது தனித்தனியாகக் கேட்டது. ஒரு படி, இன்னொரு படி. நியூட்ரலில் கிளட்ச் பிடிக்க வேண்டிய அவசியமில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன. ஆனால் இடது கை அதை நெரித்துப் பிடித்திருந்தது, விட மனம் வரவில்லை.

கீழே அவளுடைய வண்டிச் சத்தம் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வளைவுக்கு அப்பால் அது சட்டென்று நின்றது. விழுந்த சத்தமில்லை, கிறீச்சல் இல்லை. சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறாள். இவர் வருகிறாரா என்று காது கொடுத்துக் கேட்கிறாளோ, இல்லை, சும்மா நிற்கிறாளோ. இவரிடமிருந்து கேட்பதற்கு எந்தச் சத்தமும் இல்லை. அவளுக்குக் குரல் கொடுக்க வாயைத் திறந்தார். வண்டி அடுத்த படியை நோக்கி ஓசையில்லாமல் சரிந்துகொண்டிருந்தது.