கரேலின் மூடிய கைகள்

அந்தக் கறையை முதலில் பார்த்தவர் அருள்ஜோதிதான். ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை வீட்டுக் கூடத்தில், அவர் நாற்காலிக்கு நேர் எதிரே தொங்கிய குடும்பப் படத்தில், பச்சைத் திரைச்சீலையின் நடுவே புகை படிந்த மாதிரி ஏதோ தெரிந்தது. போன வருடம் அது ஒரு நெற்றி. இந்த டிசம்பரில் அதற்குக் கண்கள் வந்துவிட்டன.

"என்னையே பாக்குது பாப்பா," என்றார் மகள் பெர்சிஸிடம். "கேரல் பாட வர்றதுக்குள்ள சாயம் பூசி அத மூடிக் குடு. ஊர்ல இருக்கற பழைய படத்தையெல்லாம் நீதானே பழுது பாக்கற."

"மூடினா?"

"மூடு. அப்புறம் அந்த அய்யூப் விஷயம் பேசலாம்."

பெர்சிஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அய்யூபைக் கட்டினால் இந்த வீட்டில் அவள் பேரையே யாரும் சொல்ல மாட்டார்கள் என்று ஆணையிட்டவர் அவர். இன்று அவராகவே கதவைக் கொஞ்சம் திறக்கிறார். ஒரு பிற்பகல் வேலை, அவ்வளவுதான்.

திரைச்சீலைக்குள் இருப்பது யாரென்று அவளுக்குத் தெரியும். மேபல். அப்பாவின் மூத்த அக்கா. கலியாணம் ஆகாமலே வீட்டைவிட்டுப் போனவள். தாத்தா ஆபிரகாம் அவள் துணிகளை எரித்தார்; படத்திலிருந்தும் அவளை எடுக்கச் சொன்னார். வரைந்தவரே எடுத்தும் கொடுத்தார்.

அவர் பெயர் லெவ் கரேலின். சோவியத் நாட்டின் ரயில்வே கூலி ஒருவரின் மகன். லெனின்கிராடில் படித்து, அறுவடைப் படம் ஒன்றுக்குப் பரிசு வாங்கினார். ஆனால் அவருக்குச் சோறு போட்டது வேறு வேலை. ஆலைக் கமிட்டி ஒன்றைப் பெரிய படமாக வரைந்திருந்தார். அதில் நின்றவர்களில் யாரையாவது போலீஸ் கொண்டுபோனால், அந்த ஆளைப் படத்திலிருந்து அழிக்கக் கரேலினைக் கூப்பிட்டனுப்புவார்கள். ஒருவர் தூணாக மாறினார், ஒருவர் பூந்தொட்டியாக, ஒருவர் ஜன்னல் வெளிச்சமாக. மெடல்கள் வந்தன. அறுபதுகளில் ரங்கூனுக்கு ஓவியம் கற்பிக்க வந்தபோது, அலோன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ஆபிரகாம் அவருடைய சாயப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துச் சிநேகமானார்; இந்தக் குடும்பப் படம் அப்போது வரைந்ததுதான். ஊர் திரும்பியபின் கரேலின் ஒருமுறை மட்டும் அழிக்க மறுத்தார். அதன்பிறகு சாகும்வரை தேயிலை டப்பாக்களுக்குத்தான் படம் போட்டார்.

இப்போது அவர் ஊர் மியூசியத்தில், தூணுக்குள்ளிருந்தும் பூந்தொட்டிக்குள்ளிருந்தும் அந்த ஆட்கள் வெளியே வருகிறார்களாம். பெர்சிஸ் நெட்டில் படித்திருந்தாள். மூடும்போதெல்லாம், வருடம் போகப் போகக் கண்ணாடிபோல் அடியில் இருப்பதைக் காட்டிவிடும் சாயத்தையே அவர் பூசியிருக்கிறார். தெரிந்தே பூசியிருக்கிறார்.

கரண்ட் போயிருந்தது. ஜன்னலோரம் படத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பூசுவதற்கு முன் அழுக்கெடுக்கப் பெர்சிஸ் பஞ்சை நனைத்தாள்.

"நான்தான் கிறிஸ்துமஸ் தவறாம மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கறேனே," என்றார் அப்பா. "எங்கப்பா சொல்லிக் குடுத்தது. பளபளன்னு இருக்கும்."

"அப்படின்னா நீங்களேதான் டாடி அவங்கள வெளிய கூட்டிட்டு வந்திருக்கீங்க."



படத்தில் பாட்டி செசிலியா நாற்காலியில் அமர்ந்து, கைக்குழந்தை அருள்ஜோதியைத் தோளோடு தூக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் குழந்தை அவள் மேல் படாமல் அந்தரத்தில் நிற்பது போலவே பெர்சிஸுக்கு எப்போதும் தோன்றும். அவள் பாட்டியின் மணிக்கட்டை மெல்லத் துடைத்தாள். பஞ்சில் பழுப்பு ஏறியது. மணிக்கட்டு மங்கியது. அதற்கடியில் இன்னொரு மணிக்கட்டு இருந்தது, ஒல்லியாக, கண்ணாடி வளையலோடு.

அவள் பஞ்சை மாற்றினாள். விரல்கள் வந்தன. குழந்தையை இப்போது நான்கு கைகள் பிடித்திருந்தன. பாட்டியின் இரண்டும் மேலே சும்மா வைக்கப்பட்டவை, கரைந்துகொண்டிருந்தன. மற்ற இரண்டும் துணி சுருங்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தன. அவை திரைச்சீலையிலிருந்து நீண்டன. மேபலின் கழுத்து இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவள் மார்புப் பக்கம் ஈரம் ஊறிய ரவிக்கையைக்கூடக் கரேலின் விடாமல் வரைந்திருந்தார். பால் கசிந்த ஈரம்.

பெர்சிஸின் கை ஓய்ந்தது. படத்தைத் திருப்பி வைக்கலாமா என்று பார்த்தாள். அதற்குள் அப்பா பின்னால் வந்து நின்றுவிட்டார்.

வெளியே ரயில் போனது. சட்டம் அதிர, அந்த விரல்கள் குழந்தையை இன்னும் அணைப்பது போலிருந்தது.

"பாப்பா. அது யாரு கை?"

"தெரியுதே டாடி."

"அக்கான்னுதானே சொன்னாங்க." அவர் குரல் குழந்தையினுடையதாக இருந்தது. "எங்கம்மா கடைசி வரைக்கும் என்னைத் தொட யோசிப்பாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்னு நெனச்சிட்டே இருந்தேன்."

பெர்சிஸ் கரைத்து வைத்திருந்த பச்சைச் சாயத்தைப் பார்த்தாள். அவள் கலியாணம் அந்தத் தட்டில் இருந்தது. "மூடணுமா டாடி? நீங்க சொன்னா மூடறேன்."

"கைய மூடினா நான் கீழ விழுந்துடுவேனே," என்றார் அவர்.

பிறகு நாற்காலியைப் படத்துக்கு அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பையன ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. நம்ம வீட்டு லப்பெயே டீ குடிக்கட்டும். அவனையும் எவளாவது இப்படித்தான புடிச்சிட்டு நின்னிருப்பா."

பெர்சிஸ் தலையசைத்தாள். அவள் கண் படத்தை விட்டு அகலவில்லை. மேபலின் தோள்மேல், பச்சைக்குள்ளிருந்து, இந்த வீட்டில் யாரும் பேர் சொல்லாத ஒரு ஆணின் விரல் நுனிகள் தெரிய ஆரம்பித்திருந்தன. அவள் அங்கே பஞ்சை வைக்கவேயில்லை.