பதினொரு பெண்சாதிக்காரர்

கிட்ட வாருங்கள், என் கண்மணிகளே, இன்னும் கொஞ்சம் நெருங்கி இருங்கள். பதினொரு பெண்சாதிமார் இருந்தும், அது ஒருத்திக்கும் தெரியாமல் வாழ்ந்த ஒரு மனுசனின் கதை சொல்லப்போகிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படித்த தாரிகா, பட்ட ஆய்வுக்காக இந்தப் பக்கத்து எழுத்தாளர்கள் பதினொரு பேரின் சிறுகதைகளைக் கணினியில் ஏற்றினாள். கதையில் வருகிற ஆளுக்கு ஒரு வட்டம்; தங்களுக்குள் கதைக்கிற இருவருக்கு நடுவே ஒரு கோடு; கோடு கூடக்கூட வட்டம் பெருக்கும். ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதையே பெயராக எடு என்று சொல்லிவைத்தாள். கணினியும் சொல்லுத் தட்டவில்லை.

பத்து மணிக்கு வாய்மொழிப் பரீட்சை. தவறினால் இன்னொரு வருடம் அதே அறை, சாப்பாட்டுக்கு அதே பாணும் சம்பலும். ஒன்பதரைக்கு, அச்சடித்து வந்த பெரிய தாளை அறைத்தோழி சாருஜா விரித்தாள்.

“அடியேய், நடுவிலை பூசணிக்காய் மாதிரி ஒருத்தர் நிக்கிறார். ஆர் உவர்?”

“ஒரே ஆள் பதினொரு கதையிலையும் வாறார் பார். அதுதான் என்ரை கண்டுபிடிப்பு.”

“பேரை வாசிச்சனியே?”

வட்டம் பெரிதாய் விழுந்த சந்தோசத்தில் வாசிக்க மறந்த பெயரைத் தாரிகா அப்போதுதான் வாசித்தாள்: இஞ்சாருங்கோ.

சாருஜா கட்டிலில் விழுந்து சிரித்தாள். “எங்கடை ஊரிலை ஆரடி புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது? எல்லாரும் ‘இஞ்சை பாருங்கோ’ எண்டு இஞ்சாருங்கோ போடுறதுதானே; பதினொரு புருசன்மாரை ஒராள் ஆக்கிப்போட்டாய்!”

வேறு தாள் அடிக்க நேரமில்லை. இருந்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

பரீட்சை எடுக்க இருந்த பேராசிரியர் அருட்செல்வன் சேர் எல்லோருடைய போனையும் நிற்பாட்டச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“பிள்ளை, உந்த நடு வட்டம் ஆர்?”

தாரிகா தாளின் சுருண்ட ஓரத்தை நீவி நீவி விட்டாள். அந்த நேரம் பார்த்து மேசையில் ஒரு போன் அலறியது. சேருடையதேதான். அழைப்பை வெட்டப்போன விரல் எங்கோ பட்டு, குரல் அறை முழுக்கக் கேட்டது.

“இஞ்சாருங்கோ, வரேக்கை முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ. போனமுறை மாதிரி முத்தலை அள்ளிக்கொண்டு வராதேங்கோ!”

தாரிகா நடு வட்டத்தில் விரலை வைத்தாள்.

“சேர், அவர்தான் இவர்.”

சேரின் கண்ணாடி மடியில் விழுந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மேசையே குலுங்கியது.

“பிழை பிழைதான், பிள்ளை. அதைப் பதினொரு பேராய்ப் பிரிச்சு வரை. ஏன் பிழைச்சதெண்டு ஒரு அத்தியாயம் எழுது. பாஸ்.”

“சேர், கதையளிலை அவையளுக்கு வேறை பேரே இல்லை.”

“அப்ப இஞ்சாருங்கோ ஒண்டு, இஞ்சாருங்கோ ரெண்டு எண்டு போடு.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஆனால் பதினொண்டோடை நிப்பாட்டு. பன்னிரண்டு வேண்டாம்.”

என் செல்லங்களே, உங்கள் வீட்டிலும் அப்படிக் கூப்பிடுகிற குரலும், “என்னப்பா?” என்று திரும்புகிற முகமும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும். வாங்கி வருகிற முருங்கைக்காயும் பிஞ்சாகவே அமையட்டும்.