செவலைக் குட்டி

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், துரையின் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை சுருளிவேலுக்கு. ஒருமுறை கருப்புப் பெட்டை ஈன்ற குட்டிகளில் ஒன்று மட்டும் செவலையாக இருந்தது. தாயும் கருப்பு, தகப்பனும் கருப்பு. துரை குட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுருளிவேலைப் பார்த்து, நாய்க் கொட்டடியைத் திறந்துவிட்டது யார் என்று கேட்டார்.

கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் கங்காணி வளர்த்த செவலை நாய் ஒன்று திரிந்தது. கங்காணிக்கும் சுருளிவேலுக்கும் ஏதோ உடன்பாடு என்பது துரையின் எண்ணம். சுருளிவேல் குலசாமிமேல் சத்தியம் செய்தும் அவர் காதில் ஏறவில்லை. அடுத்த பருவத்துக்குக் கொட்டடிச் சாவியைத் தாமே வைத்துக்கொண்டார். சுருளிவேலுக்கோ பங்களாச் சமையல்காரன்மேல் சந்தேகம். சாவி தொங்கும் அறைக்குள் போய்வருகிறவன் அவன்தானே? அவன் போகுமிடமெல்லாம் இவன் கண்ணும் போனது. அதே பெட்டைக்குக் குட்டிகள் பிறந்தன. மறுபடியும் செவலை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மட்டக்குதிரைகளைப் பார்க்க மதுரையிலிருந்து கால்நடை டாக்டர் ஒருவர் வந்தார். துரை குட்டிகளைக் காட்ட, அவர் சிரித்துவிட்டுத் துரையிடம் இங்கிலீஷில் விளக்கினார். பெட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற சுருளிவேல் தனக்கும் சொல்லச் சொன்னான்.

ஒவ்வொரு குட்டிக்கும் நிறம் இரண்டு பங்காக வருகிறது என்றார் டாக்டர். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு பங்கு கருப்பாக இருந்தாலே உடம்பு கருப்பாகிவிடும், கூட இருக்கும் செவலை வெளியே தெரியாது. இந்த இரண்டு நாய்க்கும் அப்படித்தான். இரண்டும் தத்தம் செவலைப் பங்கைக் கொடுத்தால் குட்டி செவலையாகும். செவலையோடு செவலையைச் சேர்த்தால் கருப்பே பிறக்காது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சுருளிவேல் பெட்டையை விட்டுவிட்டு முன்னால் வந்தான். "சாமி, மனுசருக்கும் இப்படித்தானா? கண்ணுக்கு?"

"கண்ணு நிறமும் இப்படி ஒளிஞ்சிருந்து வரும்பா. பாட்டன் பூட்டன் கண்ணு பேரப்பிள்ளைக்கு வர்றதில்லையா?"

சுருளிவேலின் மகளுக்குப் பூனைக்கண். அவனுக்கும் மனைவி குருவம்மாளுக்கும் கருவிழி. தோட்டத்துக் கணக்கருக்குப் பூனைக்கண். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவன் அதைத் தூக்கியதில்லை. ஏலக்காய் நிறுக்கும் இடத்தில், கூலிக்காரர் அத்தனை பேர் முன்னாலும், இது யார் பிள்ளை என்று அவளைக் கேட்டிருந்தான். அன்றே அவள் பிள்ளையோடு தாய்வீடான சிலமலைக்கு இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் துரை சாவியை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கி வைத்துவிட்டு, விடுப்புக் கேட்டுச் சிலமலைக்கு நடந்தான்.

குருவம்மாள் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வரப்பில் நின்று நாய்க்கதை முழுவதையும் சொன்னான். அவள் நிமிரவே இல்லை. சொல்லி முடித்த பிறகு சேற்றுக்கையை உதறினாள்.

"நான் சத்தியம் பண்ணுனேன், நம்பல. நாயி குட்டி போட்டதும் நம்பிட்டீகளாக்கும்?"

அவன் பிள்ளை இருந்த பக்கம் திரும்பினான். பிள்ளை வரப்போரம் புங்க மரத்தடியில் உட்கார்ந்து இவனை யாரோ எவரோ என்று பார்த்தது.

"எத்தனை பேரு முன்னால கேட்டீக? அத்தனை பேரு முன்னால எம் பிள்ளைன்னு சொல்லுங்க. அப்பறம் வர்றேன்."

காய் நிறுக்கும் நாளில் சுருளிவேல் தராசடியில் போய் நின்று, அது தன் பிள்ளைதான் என்று தன் வாயாலேயே சொன்னான். கணக்கர் முகம் கடுத்தது. சில பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பொண்டாட்டி இல்லாமல் சோறு இறங்கவில்லை போலிருக்கிறது என்று ஒருத்தி முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது. நின்று கேட்டுக்கொண்டான்.

சேதி சிலமலைக்குப் போனது. குருவம்மாள் மலையேறி வந்தாள். ஆனாலும் அவன் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டு, அவன் பிள்ளையின் முகத்தில் எதைத் தேடுகிறான் என்று அவனையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.