தொடையிலிருந்து எடுத்த குண்டு

டாக்டர் குண்டை எடுத்துப் பீங்கான் தட்டில் போட்டபோது அப்பாதுரைக்கு நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போயிருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தான். சுண்டுவிரல் நுனியளவு, செப்பு நிறம், ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. ஆயுதப்படையில் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ தடவை அவனே கட்டைவிரலால் அழுத்தி மேகசினில் ஏற்றிய அதே சரக்கு. ஸ்டென் கன் குண்டு.

அன்று கீழ்பென்னாத்தூர் ரோட்டில் போலீஸ் வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, எதிர் சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்த சக போலீஸ்காரன் பரசுராமன் மடியிலிருந்து துப்பாக்கி நழுவியது. பின்பக்கம் தரையில் இடித்ததும் தானாக வெடித்தது. குண்டு அப்பாதுரையின் தொடையில் பாய்ந்தது. அந்தத் துப்பாக்கிக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு. வண்டியில் ஏறுமுன் மேகசினைக் கழற்றச் சொல்வது அதனால்தான். பரசுராமன் கழற்றவில்லை.

ஜில்லா முழுக்கத் தீவிரவாதிகளைத் தேடிக்கொண்டிருந்த வருஷம் அது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரோட்டோரத்து மல்லாட்டைக் கொல்லையிலேர்ந்து நாட்டுத்துப்பாக்கியால சுட்டாங்க. தருமன்னு ஒரு பையனைப் புடிச்சி வச்சிருக்கோம். நாளைக்கு ஆர்.டி.ஓ. இங்க விசாரணைக்கு வருவாரு."

"நாட்டுத்துப்பாக்கில பால்ரஸ் உருண்டைதான் சார் போடுவாங்க. இது நம்ம குண்டு."

"அது என்கிட்ட இருக்குது," என்றார் இன்ஸ்பெக்டர். "நீ சீக்கிரம் ஏட்டாவணும் இல்ல?"

மத்தியானம் ஒரு பொம்பளை வார்டுக்குள் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தருமனின் அம்மா, சந்திரம்மாள். அவள் அழவில்லை.

"எம்புள்ளை உன்னைச் சுட்டத நீ பாத்தியா, நைனா? பாத்திருந்தா சொல்லு. நான் போயிடறேன்."

"பாக்கல."

"நாளைக்கு ஆபீசர் வந்து கேட்டாலும் அப்படியே சொல்லுவியா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் வந்த வழியே போனாள்.

சாயங்காலம் பரசுராமன் வந்தான். "வூட்ல முழுவாம இருக்கறா, அப்பாதுரை," என்றான்.

ஆர்.டி.ஓ. கேட்டபோது இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். சொல்லப்போவது இன்னதென்று அப்பாதுரைக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. "வேனுக்குள்ளயே வெடிச்சது சார். துப்பாக்கி கீழ வுழுந்து," என்று தன் வாய் சொல்வதை, பக்கத்துக் கட்டில்காரன் பேசுவதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்தபடி நின்றார்.

தருமனை விட்டுவிட்டார்கள். பரசுராமனை சஸ்பெண்ட் செய்தார்கள். அதன்பிறகு படையிலிருந்து ஒருவரும் வார்டுப் பக்கம் வரவில்லை. போலீஸ் லைனில் தண்ணிக் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது என்று அவன் பெண்டாட்டி கன்னியம்மாள் சொன்னாள்.

தையல் பிரிப்பதற்கு முந்தினநாள் பரசுராமன் கைலியோடு வந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"கால் மடங்குதா?"

"கொஞ்சம் மடங்குது."

கொண்டுவந்த சாத்துக்குடியை நகத்தால் உரித்தான். பினாயில் நெடிக்கு நடுவே அதன் வாசனை எழுந்தது. ஒவ்வொரு சுளையாகப் பிரித்து, நாரெடுத்து, இருவருக்கும் நடுவே பேப்பரில் வரிசையாக வைத்தான். இரண்டு பேரும் ஒரு சுளையைக்கூட எடுக்கவில்லை. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. பரசுராமன் அதைக் கையால் ஓட்டினான்.